தட்டிவானின் முன்கண்ணாடி

யாழ்ப்பாண நகரின் எல்லையிலே பண்ணைத் தாம்போதி தொடங்குகிறது. அதில் ஏறும் வண்டிக்கு இருபுறமும் கடல், எதிரே தீவகம். வைகாசி பிறந்து சோளகம் எழும்பிவிட்டால், அத்தாம்போதியிற் சைக்கிளோடுகிறவர் பாதி வழியில் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பதைக் காணலாம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று உப்புத் திவலையையும் மணலையும் ஏந்திக்கொண்டு நேரே முகத்தில் அடிக்கும். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் போகிறவர்களும், நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வள்ளம் ஏறக் குறிகட்டுவானுக்கு விரைகிறவர்களும் இந்தக் காற்றுக்கு முகங்கொடுத்தே போகவேண்டும்.

மோட்டார் வண்டிச் சாரதியின் கண்ணுக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில் நிற்பது ஒரு கண்ணாடி. அக்கண்ணாடியை எது தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று பிரயாணிகளில் எவரும் கேட்பதில்லை. தொழிற்சாலையில் முழுமையாகச் செய்துவந்த மோட்டாரிலே அதைப் பற்றிச் சிந்திக்கவேண்டியவர் அங்குள்ள எந்திரவியலாளர். ஊரிலே கட்டிய வண்டியில் அந்தச் சிந்தனை முழுவதும் தச்சர் ஒருவரின் தலையில் விழுந்தது. வடபுலத்தில் அப்படிக் கட்டப்பட்ட வண்டிகளுட் பெயர் பெற்றது தட்டிவான்.

இளம் நேயர்கள் பலர் தட்டிவானைப் படத்திலன்றிக் கண்டிருக்கமாட்டார்கள். அக்காலத்தில் வெளிநாட்டுக் கம்பனிகள் லொறிகளை இருவிதமாக விற்றன. உடல் முழுவதும் அமைந்த வண்டி ஒன்று. இயந்திரமும் சில்லும் அடிச்சட்டமும் முகப்பும் மட்டும் அமைந்த மொட்டை வண்டி மற்றையது. மொட்டை வண்டி விலை குறைந்தது. அதனை வாங்கி வந்து, அதன்மீது உள்ளூர்த் தச்சர் மரத்தால் உடலைக் கட்டுவார். நிரை நிரையாக வாங்குப் பலகைகள், திறந்த பக்கங்கள், மேலே சாமான் ஏற்றும் கூரை, பின்னால், இருபக்கமும் சங்கிலி பூட்டித் தொங்கவிட்ட அகன்ற பலகைத் தட்டி. வானுக்குப் பெயர் தந்தது அத்தட்டியே. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்களிலே தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் மனிதரோடு ஒன்றாகப் பிரயாணஞ் செய்தன. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலங்கையின் பஸ் சேவைகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வண்டிகள் வந்த பின்னரும் தட்டிவான் வீதியை விட்டு விலகவில்லை. சந்தைக்குச் சாக்கோடு போகும் கமக்காரருக்கு அதன் தட்டி இன்றியமையாததாயிருந்தது.

மொட்டை வண்டியோடு சிலவேளை முன்கண்ணாடிச் சட்டமும் வந்து சேரும். வராத வேளைகளிலோ, வந்தது துருப்பிடித்து உதிர்ந்துபோன வேளைகளிலோ தச்சருக்குச் சோதனை தொடங்கும். கீழே இருப்பது இரும்பு முகப்பு. மேலே வருவது மரக்கூரை. நடுவில் நிற்கவேண்டியது உடையக்கூடிய கண்ணாடி. இரும்பு ஒருவிதமாக அசையும், மரம் வேறுவிதமாக அசையும், கண்ணாடியோ சற்றும் வளைந்துகொடாது. இம்மூன்றையும் ஓரிடத்திற் சேர்த்துவைப்பது எளிதன்று.

கண்ணாடி உடைவதற்குக் காற்றின் வேகமே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. கணக்குப் பார்த்தால் அது பாதி உண்மைதான். 120 சென்ரிமீற்றர் அகலமும் 45 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள கண்ணாடி ஒன்றினை நேர்நிமிர்ந்து நிறுத்தி, வண்டியை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால், காற்று அதனைத் தள்ளும் வலு ஏறத்தாழ 5 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். எதிரே 40 கிலோமீற்றர் வேகத்தில் சோளகமும் வீசுகிறதென்று கொள்க. கண்ணாடிக்கு இப்போது வேகம் 80 ஆகிறது. தள்ளும் வலுவோ 10 அன்று, 20 கிலோகிராம். வேகம் இரட்டித்தால் வலு நான்கு மடங்காகும் என்பது விதி. 20 கிலோகிராமைக் கண்ணாடி தாங்கும். தாங்கமுடியாது திணறுவது அதன் அடியிலுள்ள கால்கள்தாம்.

ஏனெனில், காற்றின் வலு கண்ணாடியின் நடுவுயரத்தில் அழுத்த, கால்கள் கீழே சிறியதோர் இரும்புப் பாதத்தில் நிற்கின்றன. அப்பாதம் 5 சென்ரிமீற்றர் நீளமே உடையதானால், நெம்புகோற் கணக்குப்படி, இரண்டு கால்களில் ஒவ்வொன்றின் முன்னாணியும் ஏறத்தாழ 45 கிலோகிராம் இழுப்பைத் தாங்கவேண்டியதாகிறது. இழுப்பு ஒரே சீராகவும் இராது. பள்ளத்துக்குப் பள்ளம் கூடியுங் குறைந்தும் வரும். நாளடைவில் முகப்பின் தகட்டில் ஆணித்துளை அகன்று, சட்டம் பல்லாடுவதுபோல் ஆடத்தொடங்கும்.

இந்த இடர் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், கலிபோர்ணியாவின் தென்பகுதியில், வறண்டுபோன ஏரிப் படுகைகளிலே வேகப்போட்டி நடத்திய இளைஞர்கள் பழைய போர்ட் மோட்டார்களை மலிவாக வாங்கி, கூரையையும் சில்லுக் காப்புகளையும் கழற்றி எறிந்து, வீட்டுக் கொட்டிலிலே புதுக்கிக் கட்டினார்கள். 1937இல் அவர்களுடைய கழகங்கள் ஒன்றுகூடித் தென்கலிபோர்ணியாச் சங்கம் ஒன்றையும் அமைத்துக்கொண்டன. அவ்வண்டிகளுக்கு ஹொட் றொட் என்று பெயர். கூரையைக் கழற்றியபோதுதான் கூரை செய்துவந்த மற்றொரு வேலை அவர்களுக்குத் தெரியவந்தது: முன்கண்ணாடியின் தலையை அதுவே பிடித்துக்கொண்டிருந்தது. தலையிற் பிடிப்பில்லாத சட்டம் தனியே நின்ற பாய்போலக் காற்றை வாங்கியது. கண்ணாடியின் உயரத்தைக் குறைத்தல் அவர்கள் கண்ட ஒரு வழி. காலின் நடுவிலிருந்து முகப்புக்குச் சாய்வாக ஒரு கம்பியை இறக்கித் தாங்கிகொடுத்தல் இன்னொரு வழி.

சாய்தாங்கியின் பயனைத் தீவக மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்கள் வந்து தங்கிய பழந்துறை. பாய்மரம் அடிக்குழியின் பலத்தில் மட்டும் நிற்பதில்லை. உயரத்திலிருந்து இறங்கும் கயிறுகளே காற்றின் இழுவையைப் பகிர்ந்துகொள்கின்றன. கண்ணாடிக் காலின் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு தாங்கியை ஊன்றினால், 5 சென்ரிமீற்றர்ப் பாதத்தில் விழுந்த இழுப்பு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். அரை விரற்கடைத் தடிப்புள்ள இரும்புக் கம்பி அதற்குப் போதும்.

காற்றின் கதை இவ்வளவே. கண்ணாடியைப் பிளப்பது பெரும்பாலும் காற்றன்று, வண்டியின் முறுக்கம். லொறியின் அடிச்சட்டம் வளைந்துகொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு பின்சில்லு மேட்டில் ஏற, மற்றையது பள்ளத்தில் இறங்கும்போது, சட்டம் ஈரத்துணியைப் பிழிவதுபோலச் சிறிது முறுகும். அதன்மேலுள்ள மரவுடலும் கூடவே முறுகும். தட்டியின் இடப்பக்கத்தில் மட்டும் நாலு சாக்கு ஏறினால், அந்தச் செய்தி முன்கண்ணாடியின் மேல்மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சாக்கை ஏற்றியவர் அதனை அறியார்.

வேலணையில் ஒரு பட்டறை என்று கொள்க. சாரதியான இளைஞர் ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

“அண்ணை, கண்ணாடி ஆடுது. சுத்திவர ஆணி போட்டு இறுக்கிவிடுங்கோ.”

தச்சர் கண்ணாடியைத் தொடவில்லை. ஒரு நூலை எடுத்துச் சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்து முடிச்சிடுகிறார். மற்ற இரு மூலைகளுக்கும் அதே நூலைப் பிடித்துப் பார்க்கிறார். இரண்டும் ஒரேயளவு. பிறகு ஒரு பின்சில்லின்கீழ் ஒரு சாண் உயரக் கல்லை வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றச்சொல்லி, மறுபடியும் நூலைப் பிடிக்கிறார். இப்போது முடிச்சு மூலையைத் தாண்டி நிற்கிறது.

“பார்த்தியே தம்பி, சட்டம் கோணுது. கண்ணாடி கோணாது. சுத்திவர இறுக்கினா, புங்குடுதீவுக்குப் போய்ச் சேர முன்னம் வெடிச்சிடும்.”

அந்த நூல் சொல்வதை எண்ணால் எழுதலாம். மேற்சொன்ன அளவுடைய சட்டத்தின் மேற்கட்டை கீழ்க்கட்டையைவிட 5 மில்லிமீற்றர் பக்கமாக நகர்ந்தால், இரு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வேறுபடும். 5 மில்லிமீற்றர் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. 9 மில்லிமீற்றர் நூலில் தெளிவாகத் தெரியும். கண்ணாடிக்கு இருபக்கமும் மூன்று மூன்று மில்லிமீற்றர் இடம் விட்டிருந்தால் அந்தக் கோணலைச் சட்டம் தானே விழுங்கிக்கொள்ளும். கண்ணாடி ஒன்றும் அறியாது.

ஆகவே சட்டத்தை நிறுத்துவது ஒரு வேலை. சட்டத்தினுள்ளே கண்ணாடியை இருத்துவது வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஆணியை இறுக்குவதே பெரும்பாலான பிழைகளுக்கு மூலம்.

சட்டத்தை நிறுத்தும்போது, அதன் இரு கீழ்க்கால்களையும் முகப்பில் உறுதியாகப் பூட்டலாம். தகடு மெலிந்திருந்தால் உட்புறத்தில் கையகல இரும்புத் தகடொன்றை வைத்து, ஆணியின் இழுப்பைப் பரவச்செய்தல் நன்று. மேலே, கூரை விட்டத்தோடு சேருமிடத்தில் அவ்வாறு பூட்டலாகாது. அங்கே நடுவில் ஓரிடத்தில் மட்டும், றப்பர் வளையம் இட்டு, சற்று அசைய இடங்கொடுத்துப் பிடித்தல் வேண்டும். கீழே இரண்டு, மேலே ஒன்று. முக்காலிப் பலகை எந்த நிலத்திலும் ஆடாமல் நிற்பதும் இதனாலேதான். நாலுகால் மேசைக்குத்தான் கடதாசி மடித்து வைக்கவேண்டியிருக்கிறது. கூரையின் பாரமும் கண்ணாடிச் சட்டத்தில் இறங்கலாகாது. அப்பாரத்தை இறக்குவதற்கு இருபக்கத்திலும் தனித் தூண்கள் வேண்டும். வீட்டு வாசலின்மேல் விட்டம் ஒன்றிட்டுச் சுவரின் பாரத்தை அதற்குக் கொடுப்பதும் கதவு இறுகாமல் திறப்பதற்காகவே. கூரைமேல் தேங்காய் ஏற்றும் வண்டிக்கு இதனை இருமுறை சொல்லவேண்டும்.

இனிக் கண்ணாடியை இருத்தல். மரச்சட்டத்தில் வெட்டிய தவாளிப்பின் அடியில் கண்ணாடி நேரே அமரலாகாது. அதன் அகலத்தை நான்காகப் பகுத்து, இரு ஓரங்களிலிருந்தும் காற்பங்கு உள்ளே தள்ளி, இரண்டு சிறு றப்பர்த் துண்டுகளை வைத்து, அவற்றின்மீது அதனை இருத்தல் வேண்டும். மூலைகளின் கீழே எதனையும் வைத்தலாகாது. வெடிப்புகள் விரும்பித் தொடங்குமிடம் மூலையே. கண்ணாடியின் விளிம்பிற் சிறு பொரிவு இருந்தாலும் அதனைச் சாணைக்கல்லில் உரைத்து மழுக்கிய பின்னரே வைத்தல் வேண்டும். முன்னும் பின்னும் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி ஒட்டி, மேலே மரச்சலாகையை வைத்துத் திருகாணியை முடுக்கலாம். எவ்வளவு முடுக்குவது? சலாகையின் கீழிருக்கும் றப்பர் சற்றே அமுங்கியதும் கையை எடுத்துவிடவேண்டும். வீட்டுச் சாளரத்துக்குப் பூசும் புட்டியை இங்கே பூசுகிறவர்கள் உளர். சாளரம் பிரயாணஞ் செய்வதில்லை. புட்டி காய்ந்தபின் கல்லாகிவிடும். ஓடும் வண்டியில் அது விளிம்பெங்கும் கல் வைத்துக் கட்டியதற்கு ஒப்பாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் நீரைக் குடித்துப் பருக்கும். பங்குனி வெயிலில் அளந்து நெருக்கமாகப் பொருத்திய சட்டம் கார்த்திகையில் கண்ணாடியை நெரிக்கும். முற்றிய, நன்றாக உலர்ந்த மரத்தைத் தேர்வதும், தவாளிப்புக்குள்ளும் எண்ணெயோ பெயின்றோ பூசுவதும் அதனாலேயே. பெயின்ற் பூசுகிறவர் கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு மூன்று பூச்சுக் கொடுத்துவிட்டுத் தவாளிப்பை மறந்துவிடுவது வழக்கம்.

அப்படியாயின் இரும்புச் சட்டம் மேலல்லவா என்று கேட்கலாம். உள்நாட்டில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். தீவகத்தில் நிலைமை வேறு. உப்புக்காற்று இரும்புத் தவாளிப்பினுள் நுழைந்து தங்கிவிடும். துரு என்பது இரும்பு கரைந்து இல்லாமற்போதல் மட்டுமன்று. துருவானது தான் பிறந்த இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைப்பது. ஒடுங்கிய தவாளிப்பினுள்ளே துரு தடித்து வளர்ந்து, கண்ணாடியின் விளிம்பை மெல்ல மெல்ல நெருக்கும். ஒருநாள் நிழலிற் சும்மா நின்ற வண்டியின் கண்ணாடி குறுக்கே வெடித்துக் கிடக்கும். அயலிலே விளையாடிய பிள்ளைகளுக்கு ஏச்சு விழும்; அவர்களோ குற்றமற்றவர்கள். மரச்சட்டமும் பித்தளைத் திருகாணியும் இவ்விடத்தில் இரும்பைவிட நீண்டகாலம் உழைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண்ணாடியின் இனம். தட்டிவானின் முன்வாங்கில், சாரதிக்குப் பக்கத்திலே, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் நெருங்கி உட்காருவர். முகத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே முழங்கை அளவு தூரந்தான். சாளரத்துக்கு வெட்டும் சாதாரணக் கண்ணாடியை மலிவு கருதி அங்கே பூட்டினால், வண்டி சடுதியாக நின்ற மாத்திரத்தில் அது நீண்ட கத்திகளாக உடையும். மோட்டார் தோன்றிய முதற்காலத்தில் கண்ணையும் கழுத்தையும் இழந்தவர்கள் பலர்.

இதற்கு மாற்று வந்த வரலாறு சுவையானது. 1903ஆம் ஆண்டில் எடுவார் பெனெடிக்ரஸ் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்திலே ஒரு கண்ணாடிக் குடுவை தட்டிலிருந்து கீழே விழுந்தது. அது நொறுங்கியதே தவிரச் சிதறவில்லை. முன்பு அதிலிருந்த செலுலோஸ் நைத்திரேற்றுக் கரைசல் வற்றி, உட்சுவரில் மெல்லிய தோலாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அத்தகைய தோலொன்றை வைத்து ஒட்டும் முறைக்கு 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். 1927இன் இறுதியில் வெளிவந்த போர்ட் ‘ஏ’ வகை மோட்டாரின் முன்கண்ணாடி அவ்விதமானது. இன்று லமினேற்றட் என்ற பெயரில் விற்கப்படுவது அதன் வழிவந்ததே. பதமேற்றிய வேறோர் இனமும் உண்டு. அது உடையும்போது சிறு சிறு மணிகளாக உதிரும். பக்கக் கண்ணாடிக்கு அது ஏற்றது. முன்புறத்துக்கு லமினேற்றட்டே வேண்டும். கல்லடி பட்டாலும் அது சிலந்தி வலைபோல் வெடித்து நிற்குமேயன்றி மடியில் விழாது.

1990இல் யுத்தம் தீவகத்தைச் சூழ்ந்தபோது அங்கிருந்த மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். முற்றத்தில் விடப்பட்ட வண்டிகள் உப்புக்காற்றுக்கு இரையாயின. குடாநாட்டிலோ பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரிதாகிவிட்டன. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஓடாது நின்ற வண்டியின் உறுப்பு ஓடும் வண்டிக்குப் போயிற்று. பழைய ஒஸ்ரினும் மொறிஸும் அக்காலத்தைத் தாண்டி வந்தது அவ்விதமே. அப்போது ஊரிற் கட்டிய வண்டிக்கு ஒரு நன்மை இருந்தது. அதன் கண்ணாடி தட்டையானது. வளைந்த கண்ணாடியைச் செய்த தொழிற்சாலையே மறுபடியும் செய்யவேண்டும். தட்டைக் கண்ணாடியை உள்ளூர்க் கடைக்காரர் வெட்டித் தரலாம். நடுவே ஒரு கட்டை நிறுத்தி இரண்டு பாதியாக வைத்த கண்ணாடியென்றால் இன்னும் சுலபம். ஒரு பாதி உடைந்தால் மறுபாதி பிழைத்திருக்கும்.

லமினேற்றட் கண்ணாடியை இருமுகத்திலும் கீறி முறித்து, நடுத்தோலை அறுத்து வெட்டலாம். பதமேற்றிய கண்ணாடியை வெட்டவே முடியாது. கீறிய கணத்தில் அது முழுவதும் மணியாய் உதிர்ந்துவிடும். அதனாலே கடையில் அளவைச் சொல்வதற்குமுன் இனத்தைச் சொல்லவேண்டும்.

அளவையும் வாயாற் சொல்வது நன்றன்று. ஊரிற் கட்டிய எந்த வண்டியிலும் நான்கு மூலைகளும் நேர்மூலைகளாயிருப்பது அரிது. தடித்த அட்டையையோ மெல்லிய பலகையையோ சட்டத்தினுள் வைத்துப் பார்த்து, உரைத்து உரைத்துச் சரிசெய்து, சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் இடம் விடும்வரை குறைத்து, ஓர் அச்சுப் பலகை செய்துகொள்ளவேண்டும். நெடுந்தீவில் உள்ளவருக்கு அது பெரும் உதவி. கண்ணாடி உடைந்தால் வண்டியை வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோகவேண்டியதில்லை. அச்சுப் பலகையை ஒருவர் கையிற் கொடுத்தனுப்பினால், கண்ணாடி சாக்குத் துணியிற் சுற்றிக்கொண்டு மாலை வள்ளத்தில் வந்து சேரும். அப்பலகையின் ஒரு முகத்தில் ‘வெளிப்பக்கம்’ என்றும், மேல் விளிம்பில் ‘மேல்’ என்றும் எழுதிவைத்தல் வேண்டும். எழுதாமல் அனுப்பியவர், வந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பொருத்தவேண்டும்.